மயிலாப்பூர் சமையலறைக்கு எர்த் போட்ட கதை

சமையலறைக்கு வயரிங் போட வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும், போனவுடன் நான் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்பதுதான். கரண்ட் வேலைக்கு வந்தவன் குழாய்க்காரன் மாதிரிக் கேட்கிறானே என்று வீட்டுக்காரர்கள் ஒரு தினுசாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று இருந்துவிடுவேன்.

வேலையிலிருந்து நின்று பல வருஷமாகிவிட்டது. போன மாதம், நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து இரண்டு சூப்பர்வைசர்கள் வீடு தேடி வந்தார்கள். கோபாலபுரத்தில் ஒரு பழைய வீட்டின் சமையலறையை இடித்துக் கட்டுகிறார்களாம். கரண்ட் அடுப்பு, ரொட்டி சுடும் ஓவன், கெட்டில் என்று ஏகப்பட்ட சாமான்கள். எந்தச் சாமானுக்கு எந்த இடத்தில் லைன் விடலாம் என்று கேட்டு, நீலத்தாளில் வரைந்த படத்தை என் முன்னால் விரித்தார்கள். படம் அழகாகத்தான் இருந்தது. நான் வழக்கம்போல், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டு, காரணத்தை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். சிரித்ததற்காகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மயிலாப்பூர்க் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால். வாப்பா மரவேலை செய்தவர். நான் கரண்ட் வேலைக்குப் போன ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் வயரிங்கில் பாதி மரவேலைதான். தேக்குப் பட்டையில் காடி எடுத்து, கம்பியை அதற்குள் படுக்க வைத்து, மேலே மூடிப்பட்டை அடிக்க வேண்டும். உளி பிடிக்கத் தெரிந்ததால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஐந்து வருஷம் பட்டை அடித்தேன், ஒரு தடவை ஏணியிலிருந்து விழுந்தேன், பரீட்சை எழுதி வயர்மேன் ஆனேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

எங்கள் மேஸ்திரி நாயுடு. பெயர் கோவிந்தசாமி. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வேட்டிக்கு மேல் காக்கிக் கோட்டுப் போட்டிருப்பார். காதில் பென்சிலுக்குப் பதிலாகச் சாக்குக்கட்டி இருக்கும். காகிதத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. காலியான சமையலறையில் நட்டநடுவே போய்க் குந்துவார். எதிரில் அடுப்பு இருப்பதாக வைத்துக்கொண்டு கையால் கிளறுவார், பானையை இறக்குவார், பக்கத்தில் தண்ணீர் மொண்டுகொள்வார். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் என்றுதான் தோன்றும்.

"வலது கை கரண்டியில கீது. இடது கை எங்க கீது?" என்று எங்களைக் கேட்பார். இடது கை போய் நிற்கும் இடத்தில் சுவரில் சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி விழும். அங்கேதான் ஸ்விட்ச். அடுப்புக்கு நேர் மேலே வைக்கக் கூடாது, ஆவி உள்ளே போகும். பானையைத் தாண்டிக் கையை நீட்டி அணைக்கும்படியும் வைக்கக் கூடாது. தண்ணீர்ப் பானைக்கு இரண்டு முழம் தள்ளியே இருக்க வேண்டும். விளக்கு லைனிலிருந்து அடுப்புக்குக் கிளை எடுப்பவனை அவர் மனுஷனாகவே மதிக்க மாட்டார். அடுப்புக்கு மெயினிலிருந்தே தனி லைன், தனி ஃபியூஸ், தடித்த கம்பி.

தடித்த கம்பியை ஏன் அப்படிப் பிடிவாதமாகக் கேட்டார் என்பதை அடையாற்றில் ஒரு துரை பங்களாவில் பார்த்தேன். அங்கே பட்லர், சாந்தோமிலிருந்து வரும் அந்தோணி. ஓவன், அடுப்பு, கெட்டில் மூன்றையும் அவன் ஒன்றாகப் போடுவான், ஃபியூஸ் போகும். நாலு தடவை போன பிறகு, பெண்டாட்டி தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி ஃபியூஸுக்குள் சொருகிவிட்டான். அதன் பிறகு ஃபியூஸ் போகவே இல்லையாம். இதை நாயுடுவிடமே பெருமையாகச் சொன்னான். நாயுடு திட்டவில்லை. சுவரில் போகும் மரப்பட்டையைக் காட்டி, தொடு என்றார். அந்தோணி தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

"அடுப்பைத் தரையில வச்சிக்கினியா, சுவத்துக்குள்ள கட்டிக்கினியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நாயுடு ஊசியைப் பிடுங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

எர்த் விஷயத்தில் அவர் இதைவிட மோசம். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கரண்ட் அடுப்பின் இரும்புக் கூட்டில் தப்பித் தவறிக் கரண்ட் கசிந்துவிட்டால், தொட்டவர் உடம்பு வழியாக அது தரைக்கு இறங்கும். அப்படி இறங்காமல் இருக்க, கூட்டிலிருந்து ஒரு செம்புக் கம்பியை எடுத்து மண்ணோடு சேர்த்துவிடுவோம். கசிவு அந்த வழியாகப் போய், ஃபியூஸும் எரிந்து, அடுப்பு அணைந்துவிடும். கார்ப்பரேஷன் தண்ணீர்க் குழாய் தெருத்தெருவாகப் பூமிக்குள் ஓடுவதால், அந்தக் கம்பியை அதிலேயே இறுக்கிக் கட்டுவது அன்றைய வழக்கம். குழாய் வராத தியாகராய நகர்ப் புது வீடுகளில் மட்டும் குழி தோண்டி, செம்புத் தகட்டைப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் கொட்டுவோம்.

எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பல்பும் இரண்டு கம்பியும் போதும். ஒரு கம்பியை லைனிலும் மற்றதை எர்த்திலும் வைத்தால் பல்பு முழுசாக எரிய வேண்டும். அடுப்பைக் கொண்டுவந்து வைத்த பிறகு இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது நாயுடுவின் சட்டம். பார்த்தாயா என்று மூன்று தடவை கேட்பார். கருவிப் பையைக் கட்டும்போது ஒன்று, வாசலில் ஒன்று, வேலை முடிந்ததற்கான சீட்டில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துகொண்டு ஒன்று. ஏன் மேஸ்திரி மூன்று தடவை என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"மொத தபா எல்லாரும் வாயாலயே பதில் சொல்லுவான். ரெண்டாவது தபா ரோசனை பண்ணுவான். மூணாவது தபாதான் போய்ப் பாப்பான்" என்றார்.

இனி அந்த மயிலாப்பூர் வீடு. தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வக்கீல் வீடு. முப்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சமையல் எல்லாம் வக்கீலின் அத்தை. அறுபது வயது தாண்டிய அம்மாள், சிறு வயதிலேயே புருஷனை இழந்தவர். குளித்து, ஈரப்புடவையோடு, யார் மேலும் படாமல் மடியாகத்தான் அடுப்பண்டை போவார். விறகுப் புகையில் அவருக்கு இருமல் முற்றி, இனி புகையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் சமையலறையைப் புதுப்பித்தார்கள். தரைக்குச் சிமெண்ட், கிணற்றடி முற்றத்துக் குழாயிலிருந்து சுவர் வழியாக உள்ளே ஒரு கிளைக்குழாய், கரண்ட் அடுப்பு.

அத்தை கரண்ட் அடுப்பை ஒத்துக்கொள்ள மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"இதை வாயால ஊதணுமோ?"

"வேணாம்மா. ஸ்விட்சைத் தட்டினா போதும்" என்றேன்.

"அப்போ எச்சில் படாத நெருப்பு. பேஷா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சமையல் தற்காலிகமாகப் பின்கட்டுக்குப் போயிருந்தது. சுண்ணாம்பும் சிமெண்டும் கிடக்கும் வரை சமையலறை வெறும் அறைதான். கொத்தனார், குழாய்க்காரன், நான் எல்லோரும் தாராளமாகப் போய் வந்தோம். நாயுடு வந்து, அன்று மட்டும் குந்திக் காட்டாமல், அத்தையையே மணையைப் போட்டு உட்காரச் சொன்னார். அவர் கிளறிக் காட்ட, இவர் சாக்குக்கட்டியோடு நின்றார். பெருக்கல் குறி வழக்கத்தைவிட ஒரு சாண் கீழே விழுந்தது. லைன் இழுத்தேன். எர்த் கம்பியை உள்ளே வந்த கிளைக்குழாயில் இறுக்கிக் கட்டினேன். பல்பை வைத்துப் பார்த்தேன். கண் கூசும்படி எரிந்தது.

கடையிலிருந்து அடுப்பு வந்தது பத்து நாள் கழித்து. அதற்குள் பூஜை போட்டு, சமையலறையை மடியாக்கிவிட்டார்கள். இனி நான் உள்ளே போகக் கூடாது. வாசல்படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, நானே பதித்த ஸ்விட்சை எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். நான் சொல்லச் சொல்ல அத்தைதான் மூன்று கால் பிளக்கைச் சொருகினார். ஸ்விட்சைத் தட்டினார். சுருள் கம்பி சிவந்தது. வீடே கூடி நின்று பார்த்தது.

கம்பெனிக்குத் திரும்பினேன். நாயுடு பேனாவைத் திறந்தார்.

"அடுப்பு வச்ச பொறவு எர்த்து பாத்தியா காசிம்?"

"பாத்தேன் மேஸ்திரி."

அவர் கையெழுத்துப் போட்டார். நான் பார்க்கவில்லை. உள்ளே விடாத வீட்டில் எப்படிப் பார்ப்பது? பத்து நாள் முன்னால் பார்த்ததுதானே, கம்பி அதே கம்பி, குழாய் அதே குழாய், குழாய் என்ன எழுந்து நடந்தா போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலாம் நாள் காலையில் தியாகராய நகரில் ஒரு வேலை. அங்கே குழாய்க்கார முனுசாமியும் இருந்தான். வக்கீல் வீட்டில் குழாய் போட்டவனும் அவன்தான். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு அவனாகவே ஆரம்பித்தான்.

"அந்த வக்கீல் வூட்டு அம்மா என்னாண்ட இன்னா கேட்டுச்சி தெரியுமா பாய்? கொயாய்க்குள்ள இன்னாடா வச்சிக்கிறேன்னு கேட்டுச்சி. நான் வாய வச்சிக்கினு சும்மா இல்லாம, தண்ணி ஒயுவாம இருக்க தோல் வாசரும்மான்னுட்டேன். அவ்ளோதான். தோல் பட்ட தண்ணி மடிக்கு ஆவாது, கயட்டுடான்னு ஒத்தக் கால்ல நின்னுக்கினுச்சி."

"கழட்டிட்டியா?" என்றேன்.

"பூஜைக்கு மொத நாளே கயட்டிட்டேனே. மித்தத்துல வெட்டி, உள்ளாற போற கொயாயத் தனியா வுட்டுட்டேன். சுவத்துல கீறத உருவினா புது சிமெண்டு பூடும்பா, அது அங்கியே கீது."

கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். என் எர்த் கம்பி கட்டியிருந்தது அந்தத் துண்டுக் குழாயில்தான். தெருக் குழாயோடு அதற்கு இப்போது ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த அடுப்பில் கரண்ட் கசிந்தால், ஈரப்புடவையோடு ஈரத் தரையில் நிற்கும் அந்த அம்மாளைத் தவிர அதற்குப் போக வேறு வழி கிடையாது.

சைக்கிளை எடுத்தேன். லஸ் முனையில் ஒரு ஜட்கா வண்டிக்காரன் என்னைத் திட்டியது மட்டும் நினைவிருக்கிறது. வக்கீல் வீட்டு வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் ரேழிக்குள் புகுந்து மெயின் ஸ்விட்சை இழுத்து அணைத்தேன்.

"யாருய்யா அது?" என்று வக்கீல் கோர்ட்டுக்குக் கட்டிய பஞ்சகச்சத்தோடு ஓடிவந்தார். உள்ளேயிருந்து அத்தையின் குரல் கேட்டது. "அடுப்பு அணைஞ்சுடுத்துடா! ரசம் பாதியிலே நிக்கறது!"

அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தேன். அப்புறம் விஷயத்தைச் சொன்னேன். வக்கீல், கோர்ட்டில் சாட்சியைக் கேட்பதைப் போல் என்னைக் கேட்டார்.

"எல்லாம் பாத்தாச்சுன்னு நீங்கதானேய்யா சீட்டுக் குடுத்தேள்?"

"ஆமா சாமி."

"அப்போ அது பொய்ச் சீட்டா?"

"மேஸ்திரி மேல தப்பு இல்ல சாமி. பாத்தேன்னு நான்தான் பொய் சொன்னேன்."

சொல்லி முடித்ததும் பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. அதற்குள் அத்தை சமையலறை வாசல்படிக்கு வந்துவிட்டார்.

"அம்மா, பாத்திரத்தைத் தொட்டா ஏதாச்சும் தெரியுதா?" என்று கேட்டேன்.

"நேத்துலேர்ந்து விரல்லே சுருக் சுருக்குங்கறது. ரசம் ஒரு தடவை பொங்கி வழிஞ்சுது, அதுக்கப்பறந்தான். வயசாச்சோல்லியோ, நரம்புன்னு நெனச்சுண்டேன்."

"மணையில உக்காந்துக்கினுதானே தொட்டீங்க?"

"பின்னே, வெறுந்தரையிலயா உக்காருவா?"

அந்த மரப்பலகைதான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஒரு தடவை மணையை விட்டுக் காலை ஈரத் தரையில் ஊன்றிக்கொண்டு பானையைத் தூக்கியிருந்தால் போதும்.

வக்கீல் நம்பவில்லை. சுருக்கென்றால் அதற்கு நூறு காரணம் இருக்கலாம் என்றார். உள்ளே போய்க் காட்டலாம் என்றால் சமையல் நேரம், மடி. யோசித்துப் பார்த்துவிட்டு முற்றத்துக்கு வரச் சொன்னேன். சுவரிலிருந்து முனுசாமி வெட்டிய துண்டுக் குழாய் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. நாலடி தள்ளி, தெருக் குழாயோடு சேர்ந்த முற்றத்துக் குழாய். அத்தையை வெளியே வரவழைத்து, யாரும் எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, வக்கீலையே மெயினைப் போட்டுவிட்டு வரச் சொன்னேன். பல்பின் ஒரு கம்பியைத் துண்டுக் குழாயிலும் மற்றதை முற்றத்துக் குழாயிலும் வைத்தேன். பல்பு முழுசாக எரியவில்லை. உள்ளே இழை செக்கச்செவேலென்று சிவந்து நின்றது.

"தண்ணிக் குழாயிலே ஏதுய்யா கரண்ட்?" என்றார் வக்கீல். குரல் இறங்கிவிட்டது.

"அடுப்புல இருந்து சாமி. ரசம் உள்ள பூந்து கூட்டுல கரண்ட் ஏறிக்கினு கீது. கூடு, என் கம்பி, இந்தத் துண்டு, மூணும் ஒண்ணு. இது தெருக் கொயாயோட இருந்தா அது நேரா மண்ணுக்குப் போயிருக்கும், அம்மா வெரலுக்கு வந்திருக்காது."

அத்தை அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுலே சொம்பை மாட்டலாம்னு காலம்பற நெனச்சேன். நாழியாயிடுத்துன்னு விட்டுட்டேன்" என்றார்.

வக்கீலுக்குக் கோபம் அத்தை பக்கம் திரும்பியது. யாரைக் கேட்டுக் குழாயைப் பிடுங்கச் சொன்னாய் என்று சத்தம் போட்டார். அத்தை சத்தம் போடவில்லை.

"நான் தண்ணியைத்தான் வேண்டாம்னேன். குழாய் கரண்டுக்கும் வேணும்னு ஆருடா சொன்னா? சொல்லியிருந்தா அது பாட்டுக்கு இருந்துட்டுப் போறதுன்னு விட்டிருப்பேனே."

அது என் முகத்தில் அறைந்ததைப் போல் இருந்தது. உண்மைதான். அத்தனை நாள் அந்த வீட்டில் வேலை செய்தேன். இந்தக் கம்பி எதற்கு, ஏன் குழாயில் கட்டுகிறேன் என்று அடுப்பண்டை உட்காரப் போகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொம்மனாட்டிக்கு எதற்கு இதெல்லாம் என்று இருந்துவிட்டேன்.

மெயினை அணைத்துவிட்டு வந்தேன். வாசல்படியில் நின்றேன். அத்தை பின்னாலேயே வந்தார்.

"என்ன சாயபு நிக்கறாய்? உள்ளே போய்ப் பாரு. நான் அப்பறமா அலம்பி விட்டுக்கறேன்."

போனேன். அடுப்பைக் கழற்றி, காய்ந்து கிடந்த ரசத்தைச் சுரண்டி எடுத்தேன். அன்று மத்தியானமே கிணற்றங்கரையை ஒட்டிக் குழி தோண்டி, தகடு புதைத்து, கரியும் உப்பும் கொட்டிப் புது எர்த் போட்டேன். இந்தத் தடவை ஒவ்வொன்றும் எதற்கு என்று அத்தைக்குச் சொல்லிக்கொண்டே செய்தேன். மண் காயக் கூடாது, கோடையில் தண்ணீர் விட வேண்டும் என்றேன். தினம் ஒரு குடம் கிணற்று ஜலம் விடுகிறேன் என்றார். அவர் இருந்தவரை ஒரு நாளும் தவறவில்லை என்று வக்கீலே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

சாயங்காலம் நாயுடுவிடம் போய் ஒன்று விடாமல் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் காதிலிருந்த சாக்குக்கட்டியை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"எல்லாரையும் மூணு தபா கேக்கறேன்" என்றார். "ஒன்னிய மட்டும் ஒரு தபாதான் கேட்டேன். நீ கவனிக்கல போல."

நான் கவனித்திருக்கவில்லை. எப்போதிலிருந்து ஒரு தடவையாயிற்று என்பதுகூட எனக்குத் தெரியாது. அவர் மேலிடத்துக்கு எழுதவில்லை. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாளிலிருந்து என்னையும் மூன்று தடவை கேட்டார். எனக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்க்கும்போதும், அவர்கள் காது கேட்கவே மூன்று தடவை கேட்டார். நான்கு வருஷம். ஒரு தடவைகூட எனக்குக் கோபம் வரவில்லை.

அவர் வேலையை விட்டு நின்ற நாளில் எங்களுக்குத் தியாகராய நகரில் ஒரு சமையலறை. வேலை முடிந்து, கருவிப் பையைக் கட்டினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாசலுக்கு வந்தோம். அங்கேயும் கேட்கவில்லை. சீட்டை முழங்காலில் வைத்து, பேனாவைத் திறந்தார்.

"எர்த்து பாத்தியா காசிம்?"

"பாத்தேன் மேஸ்திரி."

அடுத்த கேள்விக்காக நின்றேன். அவர் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதி, சீட்டை என்னிடம் நீட்டினார்.

நான் அதை வாங்கவில்லை. பையிலிருந்து பல்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய், இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.